பிள்ளைகளின் சண்டையில் பெற்றோர் எந்த அளவுக்குத் தலையிடலாம்?

ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் ஓயாமல் சண்டையிடுகிறார்கள், விட்டுக்கொடுத்துப் போக அவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளின் தாயாகவும் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகவும் நான் கண்டதை எழுதுகிறேன்.

நீண்ட காலம் நான் வீட்டில் நீதிபதியாகவே இருந்தேன். யார் முதலில் அடித்தது என்று விசாரித்து, ஒருவரைக் கண்டித்து, மற்றவரிடம் ‘சாரி’ சொல்ல வைத்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்று நம்பினேன். அம்மாவிடம் முதலில் ஓடிவந்து சொல்பவருக்கே வெற்றி என்பதைத்தான் என் பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். விட்டுக்கொடுப்பது என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் மூத்த பிள்ளையின் தலையில், அதுவும் பெண் பிள்ளையாக இருந்தால் நிச்சயமாக, விழுந்துவிடுகிறது. “நீ பெரியவள்தானே, கொடுத்துவிடு” என்று நாள்தோறும் கேட்டு வளரும் பெண், தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கும் பழக்கத்தையே இழக்கிறாள். தம்பியோ அழுதால் கிடைக்கும் என்று தெரிந்துகொள்கிறான்.

சேர்ந்துபோவதற்கான வழிகள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. காலையில் ‘கா’ விட்டவர்கள் மாலைக்குள் ‘பழம்’ விட்டுச் சேர்ந்துகொள்கிறார்கள். ஓடிப் பிடிக்க முடியாத குட்டித் தம்பியை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், அந்தச் சொல் எனக்குப் பிடிக்காவிட்டாலும், யாரையும் ஒதுக்காத அந்த ஏற்பாட்டைப் பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் மொட்டைமாடியில் கிரிக்கெட் ஆடும்போது, பேட் தன்னுடையது என்பதால் தானே முதலில் ஆடுவேன் என்று பக்கத்து வீட்டுச் சிறுவன் பிடிவாதம் பிடிக்க, என் மகன் பந்தை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டான். கோபம் தணியும்வரை இருவரையும் தனித்தனியே உட்கார வைத்தேன். பிறகு ஒருவன் தன் மனக்குறையைச் சொல்ல, அதை மற்றவன் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவன் “ஆமாம், அதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்வரை விடக்கூடாது என்றேன். இருவருக்கும் இது முடிந்ததும், “இப்போது என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன், அந்த மௌனம்தான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. பேட்டுக்குச் சொந்தக்காரன் முதலில் ஆடலாம், ஆனால் இரண்டு ஓவர் முடிந்ததும் அவுட் ஆகாவிட்டாலும் பேட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நானாக இருந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பேன், அது இரண்டு நாள்கூட நின்றிருக்காது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, கோலி ஆடும் சிறுவர்களைக் கவனித்து 1932இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியதே. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆட்டவிதி பெரியவர்கள் வகுத்த, மாற்றக்கூடாத ஒன்று. சம வயதினரோடு ஆடியும் வாதிட்டும் வளர்ந்த பிறகே, எல்லோரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வருகிறது. ஆகவே உங்கள் ஆறு வயது மகனிடம் அக்காவின் நிதானத்தை இப்போதே எதிர்பார்க்காதீர்கள். அடுத்தவர் மனத்தில் இருப்பது வேறு என்பது அவனுக்குப் புரியும், ஆனால் கோபத்தில் இருக்கும்போது அது நினைவுக்கு வராது.

ஒன்றில் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. வலுவான பிள்ளை ஒன்று வலுவற்ற பிள்ளையைத் திரும்பத் திரும்பத் துன்புறுத்தினால் அது சண்டை அன்று. என் வகுப்பில் ஒரு சிறுவனின் சாப்பாட்டுப் பாத்திரத்தை இன்னொருவன் தினமும் பறித்து வந்தபோது, இருவரையும் கைகுலுக்க வைத்து அனுப்பினேன். மறுநாளும் அந்தச் சிறுவன் பட்டினி கிடந்தான். அங்கே நான் சமாதானம் பேசியிருக்கக் கூடாது, உடனே தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும்.

பெரியவர்களாகிய நாம் பிள்ளைகள் பார்க்கச் சண்டையிடுகிறோம், சமாதானத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு செய்துகொள்கிறோம். அதனால் இப்போதெல்லாம், “நேற்று நான் குரல் உயர்த்தியது தவறு” என்று என் கணவரிடம் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதே சொல்கிறேன், அவரும் அப்படியே சொல்கிறார்.