பக் குட்டி வாங்கும் முன் தாய் நாயைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் பக் நாய்க்குட்டிதான் வேண்டும் என்கிறாள். ஒரு ப்ரீடரிடம் இரண்டு மாதக் குட்டியைப் பார்த்தோம். தூங்கும்போது குறட்டை விட்டது. "பக் என்றாலே அப்படித்தான், அதுதான் அழகு" என்றார். கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பதிவுப் பேப்பரும் தருகிறாராம். அட்வான்ஸ் கொடுக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பக் நாய்க்குக் குறட்டை சகஜம்தான், ஆனால் அது மூச்சுப் பாதை அடைபடுவதால் வரும் சத்தம். மனிதர்கள் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்தே இதன் முகத்தைக் குட்டையாக்கிவிட்டார்கள். உள்ளே உள்ள சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டையை மறைக்கிறது, மூக்குத் துவாரமும் வெறும் கீற்றாகிவிடுகிறது. நாய்கள் உடம்புச் சூட்டைத் தணிப்பதே பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதால்தான். அந்த வழி அடைபட்ட நாய் மதுரை வெயிலில் கொஞ்சம் ஓடினாலே மயங்கி விழலாம், உயிரும் போகலாம்.

இந்தக் கோளாறு பல நாய்களுக்கு ஒரு வயதுக்கு மேல்தான் முற்றும். அதனால் குட்டியை விட அதன் தாயைத்தான் கவனிக்க வேண்டும். முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். காலை வேளையில் அவற்றை மூன்று நிமிடம் வேகமாக நடத்திக் காட்டும்படி ப்ரீடரிடம் சொல்லுங்கள். உடனே கரகரவென்று சத்தம் வந்தாலோ, நுரை கக்கினாலோ, நெடுநேரம் இரைப்பு அடங்காவிட்டாலோ அந்த ஈற்றுக் குட்டி வேண்டாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய மூச்சுப் பரிசோதனையும் இப்படித்தான்: மூன்று நிமிடம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுகிறார்கள். தாயைக் காட்ட மறுக்கும் ப்ரீடரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கேசிஐ பேப்பர் வம்சத்தைத்தான் சொல்லும், மூச்சைப் பற்றி எதுவும் சொல்லாது. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது, ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். பில் வாங்காமல் பணம் தராதீர்கள். உங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே மீதித் தொகை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அப்புறம் செலவு. மூக்குத் துவாரத்தைப் பெரிதாக்கவும் அண்ணத்தைச் சுருக்கவும் அறுவை சிகிச்சை இருக்கிறது. மூச்சு எளிதாகும், ஆனால் முழுதாகச் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. மயக்க மருந்தும் இந்த இனத்துக்குக் கூடுதல் ஆபத்து. எடை கூடினால் இரைப்பும் கூடும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டைதான் போட வேண்டும். கோடையில் பகலெல்லாம் குளிர்ச்சியான அறை வேண்டும். உங்கள் வீட்டில் அதற்கு வசதி இல்லையென்றால் மகளிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, மூக்கு நீண்ட வேறு குட்டியைப் பாருங்கள்.