காடு புதையவில்லை

அன்புள்ள ஐயா,

கனடாவில் கால்கரியில் வசிக்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு ஃபெர்னி என்ற மலை ஊருக்குப் போயிருந்தோம். அந்த மலைகளில் உள்ள நிலக்கரி, ஜுராசிக் காலம் முடிந்து கிரிட்டேசியஸ் தொடங்கும் கட்டத்தைச் சேர்ந்தது என்று படித்தேன். அந்த எல்லையில் என்ன பேரழிவு நடந்து அவ்வளவு காடும் புதைந்தது? நெய்வேலியில் இருப்பதும் இதுவும் ஒரே கரிதானே? இனியும் இதைத் தோண்டலாமா? மகள் ஒரு துண்டு எடுத்து வந்திருக்கிறாள்.

சிவா

அன்புள்ள சிவா,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறேன். சுரங்கங்களிலிருந்து அங்கே ஓடும் எல்க் ஆற்றில் செலீனியம் என்ற வேதிப்பொருள் கலந்து மாசாவது பற்றி உங்கள் பக்கத்துப் பத்திரிகைகளே நிறைய எழுதுகின்றன. படித்துவிட்டு நீங்களே முடிவுக்கு வாருங்கள்.

பேரழிவு என்று எழுதினீர்களே, அதுதான் மனதில் உட்கார்ந்துவிட்டது. நிலநடுக்கம் வந்தது, காடு மண்ணுக்குள் போனது, கரியானது என்று பள்ளியில் ஒரே வரியில் முடித்தார்கள். நாமும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? நிற்கிற காடு ஒரே நாளில் புதைந்தால் எவ்வளவு கரி தேறும்? பாறையில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, அவ்வளவுதான். ஃபெர்னியைச் சுற்றியுள்ள மிஸ்ட் மவுண்டன் பாறைத்தொகுதியிலோ 10 மீட்டரைத் தாண்டிய கரி அடுக்குகள் இருக்கின்றன. ஒரு மீட்டர் கரிக்குச் சுமார் 10 மீட்டர் மட்கு, அதாவது சதுப்பில் பாதி அழுகிச் சேர்ந்த இலைதழை, வேண்டும், சதுப்பில் மட்கு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறினாலே பெரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ஒரு அடுக்குக்கே லட்சம் ஆண்டு.

நடந்தது இதுதான். சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன், மேற்கே மலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கிருந்து இறங்கிய ஆறுகள் மணலையும் வண்டலையும் கொட்டி, கிழக்கே இருந்த கடலைத் தூர்த்தன. அந்தக் கரையோரச் சமவெளியில் சதுப்புகள், அவற்றில் ஊசியிலை மரங்கள், கிங்கோ, பெரணிகள். இலையும் கிளையும் தண்ணீரில் விழும், காற்று படாததால் முழுக்க அழுகாது, அதன் மேல் அடுத்த ஆண்டு இலை. இதற்கிடையே தரை மெல்லக் கீழே இறங்க வேண்டும், அதுவும் மட்கு ஏறுகிற அதே வேகத்தில். வேகமாக இறங்கினால் வெள்ளம் வந்து சேற்றால் மூடிவிடும், இறங்காமல் நின்றுவிட்டால் எல்லாம் காய்ந்து, காற்றுப் பட்டு முழுக்க அழுகிப்போகும். இந்தப் பொறுமையைப் போய்ப் பேரழிவு என்கிறீர்கள்!

அப்புறம் அந்த எல்லை. 600 மீட்டருக்கு மேல் தடித்த இந்தத் தொகுதிக்குள் எங்கோ அது ஓடுகிறது, இதோ இங்கேதான் என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. உலகம் முழுக்கப் பொதுவான அடையாளப் பாறை எது என்பதுகூட இந்த எல்லைக்கு இன்னும் முடிவாகவில்லை. அன்று அங்கே இருந்த பெரணிக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அங்கே பேரழிவு வந்தது, மனிதன் உள்ளே இறங்கிய பிறகு. 1902 மே மாதம் ஃபெர்னிக்குப் பக்கத்தில் கோல் கிரீக் சுரங்கம் வெடித்து 128 பேர் போனார்கள். 1914 ஜூனில் அதே மலைப்பகுதியில் ஹில்கிரெஸ்ட் சுரங்கத்தில் 189 பேர்.

"ஒரே கரிதானே" என்று நீங்கள் கேட்டதில் கோபம் வந்தது, காரணம் சொல்கிறேன். அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கில் ஒரு கட்டி கொண்டுவந்தார். பழுப்பு நிறம், தொட்டால் ஈரம், ஒரு பக்கம் மரத்தின் வரிகள் அப்படியே. ஜன்னலில் வைத்தேன். சில நாளில் காய்ந்து, வரியோடு வரியாக வெடித்தது, நகத்தால் கீறினால் சிராய் சிராயாக வந்தது. பாதி எடை தண்ணீர்தான் என்றார் அப்பா. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா ஜன்னலைத் துடைத்தபோது எடுத்துப் போட்டுவிட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நெய்வேலிக் கரி வயதில் மிக இளையது. ஃபெர்னிக் கரி கிலோமீட்டர் கணக்கில் ஆழத்துக்குப் போய், வெந்து, தண்ணீரை இழந்து, பிறகு மலையோடு மேலே வந்தது. காற்றில்லாமல் சூடாக்கினால் இளகி, உப்பி, கோக் என்ற கெட்டியான எரிபொருளாக இறுகும், அதனால்தான் அதை இரும்பு உருக்க அனுப்புகிறார்கள்.

மகளிடம் அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்னுகிற வரியும் மங்கிய வரியும் மாறி மாறித் தெரியும். மின்னுகிறவை பெரும்பாலும் மரக்கட்டையாக இருந்தவை. வீட்டில் யாரும் எடுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.