முறுக்கு நமத்ததா, காது நமத்ததா?

கேள்வி: காது கேட்கும் கருவி மாட்டிப் பத்து மாதம் ஆகிறது. அதைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டால், காலையில் சுட்ட முறுக்குகூட நமத்துப்போனதாகத் தெரிகிறது. டப்பாவைச் சரியாக மூடவில்லை என்று மருமகளைக் கடிந்துகொண்டேன். எனக்குப் பிரமையா?
– 71 வயது வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: பிரமை இல்லை அம்மா. மருமகள் மேலும் தப்பில்லை, அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். மொறுமொறுப்பைப் பல் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2004இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வில் ஜாம்பினி, ஸ்பென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சிலரை ஒலிவாங்கி முன்னால் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கச் சொல்லி, அந்த ஓசையை ஹெட்போன் வழியே அவர்கள் காதுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஓசையை, குறிப்பாக அதன் கீச்சுப் பகுதியை, கூட்டினால் ‘புதுசு’ என்றார்கள்; குறைத்தால் ‘பழசு’ என்றார்கள். எல்லாம் ஒரே மாதிரி சிப்ஸ்தான்! இதற்கு 2008இல், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபெல் பரிசும் கிடைத்தது.

வயதானால் முதலில் மங்குவது அந்தக் கீச்சு ஒலிகள்தான். உங்கள் கருவி அவற்றைத் திருப்பித் தருகிறது.

ஜெயநகர் வீட்டில் நானும் இரு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு ஒரு தட்டையைக் கடித்தேன். தாடை எலும்பு வழியாக மண்டைக்குள் கடகடவென்று இடி. அந்த ‘மொறுக்’ மட்டும் காணோம். மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முறுக்கு, அப்பளம் என்றால் கருவியை மாட்டிக்கொள்ளுங்கள். இட்லிக்குக் கழற்றிவைக்கலாம்.