கூகுளில் நம் விளம்பரம் எங்கே வருகிறது? கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கூகுள் ஆட்ஸ் ஓட்டித் தருவதுதான் என் பிழைப்பு. தேடல் பக்கத்தில் விளம்பரம் வரும் இடத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்ததில் சில.

கே (காவேரிப்பட்டணம், மாம்பழம் பார்சல்): அண்ணா, எவ்வளவு கட்டினால் முதல் இடம் நிரந்தரமாகக் கிடைக்கும்?

எவ்வளவு கட்டினாலும் கிடைக்காது தம்பி. ஒவ்வொரு தேடலுக்கும் அந்த நொடியில் தனியாக ஒரு ஏலம் நடக்கிறது. தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் அதிக விலை கேட்டவருக்குக் கூடு போகும், இங்கே அப்படி இல்லை. ஒரு கிளிக்குக் கேட்கும் விலையோடு விளம்பரத்தின் தரம், கிளிக் செய்தால் திறக்கும் பக்கம், தேடியவர் எந்த ஊரிலிருந்து எந்த போனில் என்ன வார்த்தை போட்டார் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஆட் ரேங்க், அதாவது விளம்பரம் வருமா, எத்தனையாவதாக வரும் என்பது, முடிவாகிறது. உங்கள் விளம்பரத்தில் அல்போன்சா என்று இருக்கிறது, தட்டினால் 'சீசன் முடிந்தது' என்று போன வருடப் பக்கம் திறக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள், விலையை ஏற்றுவதெல்லாம் அப்புறம்.

கே (பாலக்கோடு): முன்பெல்லாம் ரிப்போர்ட்டில் சராசரி இடம் 1.8 என்று வரும். இப்போது காணோமே?

2019 செப்டம்பர் 30-ஓடு அதை எடுத்துவிட்டார்கள். போனதில் எனக்கு வருத்தமில்லை. இடம் 1 என்றால் மற்ற விளம்பரங்களுக்கு முன்னால் என்றுதான் அர்த்தம், பக்கத்தின் உச்சி என்று அல்ல. மேலே விளம்பரமே இல்லாத பக்கத்தில், சாதாரண முடிவுகளுக்கெல்லாம் கீழே கிடந்தாலும் அது 1தான். இப்போது 'டாப்', 'அப்சல்யூட் டாப்' என்று இரண்டு சதவீதம் வருகிறது. முதலாவது, மேல் பகுதியில் எத்தனை சதவீதம் தெரிந்தீர்கள் என்பது. இரண்டாவது, தெரிந்த மொத்தத்தில் முதல் விளம்பரமாகவே தெரிந்தது எத்தனை சதவீதம் என்பது.

கே (ஒசூர், ஏசி சர்வீஸ்): டார்கெட் இம்ப்ரஷன் ஷேர் போடலாமா சார்?

விளம்பரம் எந்த இடத்தில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று நாம் சொன்னால், அதற்கேற்ப ஏல விலையைக் கூகுளே வைக்கும் முறை அது. போடலாம், ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பக்கத்தில் எங்கேயாவது, மேல் பகுதி, உச்சி என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இத்தனை சதவீதம் வேண்டும் என்று சொல்லலாம். நான் ஒரு வாடிக்கையாளருக்கு உச்சியில் 95 என்று போட்டு, அதிகபட்ச கிளிக் விலை என்ற கட்டத்தில் பெரிய தொகையைத் தட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் அன்றைய பட்ஜெட் பதினோரு மணிக்கே காலி, போன் வந்தது இரண்டே இரண்டு. அந்த முறைக்கு இடம் மட்டும்தான் கணக்கு, போன் அடிக்கிறதா என்று அது பார்க்காது. உங்கள் கடைப் பெயரைப் போட்டே தேடுபவர்களுக்கு மட்டும் வையுங்கள். 'ஏசி ரிப்பேர்' போன்ற வார்த்தைக்கு மூன்றாவது இடத்தில் இருந்தாலும் அழைப்பு வரும், விலையும் பெரும்பாலும் குறைவு.

இன்னொன்று. ஒசூரைச் சுற்றி 40 கிலோமீட்டர் வட்டம் போட்டிருக்கிறீர்கள், பாதி பெங்களூரு அதற்குள் வந்துவிடுகிறது! எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஆள் அனுப்புவீர்களா? இல்லையென்றால் கர்நாடகப் பகுதியை நீக்குங்கள்.

கே (ஒகேனக்கல், லாட்ஜ்): தர்மபுரி மாவட்டத்துக்கு மட்டும்தான் விளம்பரம் போகிறது. புக்கிங்கே இல்லை.

பென்னாகரத்துக்காரர் உங்கள் லாட்ஜில் எதற்கு ரூம் போடப் போகிறார்? தேடுபவர் பெங்களூரிலும் சேலத்திலும் சென்னையிலும் உட்கார்ந்திருக்கிறார், அந்த ஊர்களை வைத்து 'ஒகேனக்கல் ரூம்' என்ற தேடலைப் பிடியுங்கள். காவிரியில் தண்ணீர் கூடிப் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போட்டால் அன்றே விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள்.

கே (கிருஷ்ணகிரி): தினமும் பத்து தடவை தேடிப் பார்க்கிறேன், என் விளம்பரம் வரவே இல்லை.

முதலில் தேடுவதை நிறுத்துங்கள். தேடிவிட்டு கிளிக் செய்யாமல் போவதால் நீங்களே உங்கள் கிளிக் விகிதத்தை, அதாவது விளம்பரம் தெரிந்ததில் எத்தனை தடவை கிளிக் ஆனது என்ற கணக்கை, கெடுக்கிறீர்கள். கணக்குக்குள் 'ஆட் பிரிவியூ' என்று ஒன்று இருக்கிறது, ஊரைக் கொடுத்துப் பார்த்தால் வருகிறதா, வராததற்கு என்ன காரணம் என்று சொல்லிவிடும். ரிப்போர்ட்டில் 'லாஸ்ட்' என்று, விளம்பரம் தெரியாமல் போன வாய்ப்புகளைக் காட்டும் இரண்டு காலம் இருக்கும், அதையும் பாருங்கள். பட்ஜெட்டால் இழந்தது அதிகமா, ரேங்க்கால் இழந்தது அதிகமா? பட்ஜெட் என்றால் பரப்பைக் குறையுங்கள், ஒரே தாலுகா போதும். ரேங்க் என்றால் காவேரிப்பட்டணம் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.