பணம் போட்டவருக்கே கிளப் சொந்தமா?

இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை நம் நாட்டுக் கோழி நிறுவனமான வெங்கீஸ் 2010இல் வாங்கியது முதல் நடந்தவற்றைச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை நம் தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்தும், அதற்கு அப்பால் கடற்கரை ஊர்களிலிருந்தும் வந்தவை. ஒரு கிளப்பின் உரிமையாளரை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி இத்தனை பேரை உறுத்துகிறது என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

அண்ணாச்சி, இந்தியர் வாங்கிய அணி என்பதற்காகவே நானும் என் மச்சானும் 2010 முதல் பிளாக்பர்ன் ரசிகர்களாக இருக்கிறோம். 'இத்தனை வருஷம் நஷ்டத்தைச் சுமக்கிறவர்களைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல்' என்கிறார் மச்சான். அவர்கள் வந்த பிறகுதான் அணி கெட்டது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், மேலப்பாளையம்

தம்பி, உங்கள் மச்சான் சொல்வதும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை. ஆனால் நான் உங்கள் பக்கமே சற்று அதிகமாகச் சாய்கிறேன், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் விக்கிரமசிங்கபுரத்தைப் போலவே பருத்தி ஆலைகளின் சங்கொலியில் வளர்ந்த ஊர் பிளாக்பர்ன். 1875இல் தோன்றிய அதன் கிளப், 1888இல் இங்கிலாந்தில் கால்பந்து லீக் தொடங்கப்பட்டபோது அதன் 12 நிறுவன உறுப்பினர்களுள் ஒன்றாக இருந்தது. 1912, 1914, 1995 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் முதல்நிலைப் பட்டத்தை வென்றது. வெங்கீஸ் நிறுவனம் 2010 நவம்பரில் சுமார் 23 மில்லியன் பவுண்டு கொடுத்து அதை வாங்கியபோது, அணி தொடர்ந்து பத்தாவது பருவமாக, நாட்டின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. வாங்கி ஒரு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 13 அன்று, அணியைப் பட்டியலின் 13ஆம் இடத்தில் நிறுத்தியிருந்த மேலாளர் சாம் அலர்டைஸை நீக்கிவிட்டு, அதற்கு முன் எந்த அணிக்கும் மேலாளராக இருந்திராத ஸ்டீவ் கீனை அந்தப் பொறுப்பில் அமர்த்தினார்கள். 2012 மே 7 அன்று சொந்த மைதானமான ஈவுட் பார்க்கில் விகனிடம் 1-0 என்று தோற்று அணி இரண்டாம் படிக்கு இறங்கியது. அன்று கிளப்பின் கொடியைப் போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். அந்த ரசிகர்களுக்கு அது தம் வீட்டு வாசலில் நின்று அழுத அழுகை என்றே நான் எண்ணுகிறேன்.

அடுத்த பருவத்தில் ஹென்னிங் பெர்க் 57 நாட்களும் மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாட்களும் மேலாளர்களாக இருந்து நீக்கப்பட்டார்கள். ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சரியாகத் தெரிந்துகொள்வதற்கே ஒரு மேலாளருக்கு அத்தனை நாட்கள் ஆகும். 2017இல் அணி மூன்றாம் படிக்குச் சரிந்தது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஓர் அணி அந்த ஆழத்துக்குப் போனது அதுவே முதல் முறை. டோனி மோப்ரேயின் பொறுப்பில் 2018இல் மீண்டும் இரண்டாம் படிக்கு ஏறியது.

இனி உங்கள் மச்சான் பக்கம். ஆண்டுதோறும் விழுந்த பல மில்லியன் பவுண்டு நட்டத்தை உரிமையாளரே ஈடுசெய்து வந்திருக்கிறார். மான்செஸ்டர் யுனைடெட்டை 2005இல் வாங்கிய கிளேசர் குடும்பம், வாங்குவதற்கு எடுத்த கடனில் பெரும்பகுதியை அந்த கிளப்பின் தலையிலேயே ஏற்றியது. வெங்கீஸ் அப்படிச் செய்யவில்லை. பெரி என்ற பழம்பெரும் கிளப் 2018 டிசம்பரில் வெறும் 1 பவுண்டுக்குக் கைமாறி, எட்டு மாதங்களில் பணமின்றித் திணறி லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. பிளாக்பர்ன் அந்தக் கதிக்கு ஆளாகாமல் இருப்பதற்கு உரிமையாளரின் பணமே காரணம். இதை மறைத்துவிட்டுப் பேசினால் அது நியாயமாகாது.

ஆனாலும் நம் ஊர்க் கோயில் கொடையை நினைத்துப் பாருங்கள். தலைக்கட்டு வரி கொடுப்பவர் எல்லாரும் ஒரே தொகை கொடுப்பார்கள். அதற்கு மேல் வசதியுள்ள ஒருவர் வில்லுப்பாட்டுச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வார். ஊர் அவருக்கு மாலை போட்டு மரியாதை செய்யும். அதற்காக, இந்த வருடம் யார் சாமியாட வேண்டும் என்று அவர் முடிவு செய்ய முடியாது. செய்தால் ஊர் ஏற்காது. கிளப்புக்குப் பணம் கொடுப்பவரின் நிலையும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அவர் தர்மகர்த்தா. கணக்குக் கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. பணத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டே முடிவுகளுக்குக் கணக்குக் கேட்பதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை.

உரிமையாளர் புனேயில் இருக்கிறார், கிளப் லங்காஷயரில் இருக்கிறது. நேரில் வராமலே நல்ல ஆட்களை வைத்து நடத்த முடியாதா?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

நல்ல ஆட்களை வைத்தால் முடியும். உரிமையாளர்கள் ஈவுட் பார்க் பக்கமே வருவதில்லை என்பது அங்குள்ள ரசிகர்களின் நெடுநாள் மனக்குறை. ஆனால் வராததை விட, விஷயம் தெரிந்தவர்களின் பேச்சைத் தொடக்கத்திலேயே கேட்காமல் போனதே பெரிய கேடு என்பது என் கருத்து. தொலைவு ஒரு புதுச் சிக்கலையும் கொண்டுவந்தது. அந்நியச் செலாவணி தொடர்பான விசாரணையின் காரணமாக, கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டிய நிலை 2023இல் ஏற்பட்டது. ஓர் ஊரின் அணி எந்த வீரரை வாங்கலாம் என்பது வேறொரு நாட்டின் நீதிமன்றத் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

நேரில் இருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். நான் சிறுவனாக ஆடிய ஊர் அணிக்கு ஓர் அரிசி ஆலை முதலாளி புரவலராக இருந்தார். சட்டை எடுத்துக் கொடுத்தார், கம்பம் நட்டுக் கொடுத்தார், பாளையங்கோட்டைக்குப் போட்டிக்குப் போக வேன் வாடகை கொடுத்தார். பந்து மட்டும் அவருடைய ஆலையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். மாலை ஐந்து மணிக்கு நாங்கள் ஆலை வாசலில் நின்று, கணக்கப்பிள்ளை சாவியோடு வரும்வரை காத்திருப்போம். தவிடு படிந்த பந்தை வாங்கி, சட்டையில் துடைத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவோம். இரண்டாம் வருடம், தம் அக்காள் மகன்தான் முன்களத்தில் ஆட வேண்டும் என்றார். எங்கள் கேப்டன் அண்ணன் மறுத்தார். மறுநாள் மாலை கணக்கப்பிள்ளை வரவில்லை. ஒரு வாரம் வாசலில் நின்றோம். அதோடு அணி கலைந்தது. அந்த முதலாளி கெட்டவர் அல்லர், எங்கள் மீது உண்மையான பாசம் உள்ளவர். ஆனால் பந்து அவருடைய பெட்டியில் இருந்தது.

பிளாக்பர்ன் ரசிகர்கள் தெய்வமாகக் கொண்டாடும் முன்னாள் உரிமையாளர் ஜாக் வாக்கர் காலத்திலும் 1999இல் அணி கீழே இறங்கியதே? அவருக்குச் சிலை, இவர்களுக்கு வசையா?
— ஒரு வாசகர், வள்ளியூர்

கூர்மையான கேள்வி. பட்டம் வென்று நான்கே ஆண்டுகளில் இறங்கியது உண்மைதான். வாக்கர் அதே ஊரில் பிறந்தவர். எஃகு வணிகத்தில் சேர்த்த செல்வத்தைத் தாம் சிறுவயது முதல் நேசித்த அணிக்குக் கொடுத்தார். 1991இல் கென்னி டால்கிலிஷை மேலாளராக அழைத்து வந்து, ஆட்டம் தொடர்பானவற்றை அவரிடம் விட்டார். 1992இல் 3.6 மில்லியன் பவுண்டுக்கு வந்த ஆலன் ஷியரர், பட்டம் வென்ற பருவத்தில் லீக்கில் மட்டும் 34 கோல் அடித்தார். 1999இல் இறங்கியபோது வாக்கர் ஓடிவிடவில்லை. 2000இல் இறக்கும்வரை அணியோடு நின்றார், அடுத்த ஆண்டே அணி மேலே ஏறியது. தோல்வியை மன்னிக்கும் மனம் ரசிகர்களுக்கு எப்போதும் உண்டு. யாரிடமும் ஒரு சொல் கேட்காமல் எடுத்த முடிவுகளையே அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

உரிமையாளர் பற்றிய விவாதங்களில் பெண்கள் அணியை யாரும் பேசுவதில்லையே, ஏன்?
— ஒரு கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பேசாதது எங்கள் குறை. சென்ற இதழில் நானும் விட்டுவிட்டேன். பிளாக்பர்ன் பெண்கள் அணி இங்கிலாந்தின் இரண்டாம் படிநிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த லீக்கின் தகுதி நிபந்தனைகளுக்கு வேண்டிய செலவைச் செய்ய மனமின்றி, 2025இல் கிளப் தானாகவே விலகிக் கீழ்நிலைக்குப் போனது. களத்தில் தோற்று இறங்கினால் அடுத்த ஆண்டு வென்று ஏறலாம். கணக்குப் புத்தகத்தில் இறக்கப்பட்ட பெண்கள் எந்த ஆட்டத்தை வென்று ஏறுவார்கள்? வெங்கீஸ் மீது எனக்குள்ள வருத்தங்களுள் இதுவே பெரியது. ஆண்கள் அணிக்குச் செலவிடும் தொகைக்கு முன்னால் இது மிகச் சிறிய தொகை. நம் பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும் பணம் இல்லாமலும் பெண்கள் அணியைப் பேண முடியும் என்பதற்கு அது சான்று.

கிளப்பை ரசிகர்களே வாங்கி நடத்தினால் இந்தத் தொல்லைகள் தீருமா?
— ஒரு வாசகர், உவரி

பாதி தீரும். 2002இல் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேற்று ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, அதன் ரசிகர்கள் தங்கள் சொந்த அணியை ஒன்பதாம் படியிலிருந்து புதிதாகத் தொடங்கினார்கள். 2011இல் அந்த ஏ.எஃப்.சி. விம்பிள்டன் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது; 2020இல் பழைய விம்பிள்டன் கிளப்பின் மைதானம் இருந்த பிளவ் லேன் பகுதிக்கே திரும்பி அங்கே புதிய மைதானத்தில் ஆடத் தொடங்கியது. ஜெர்மனியில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற '50+1' விதி உள்ளது. சில விதிவிலக்குகளைத் தவிர எல்லா கிளப்புகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. அதே நேரத்தில், உறுப்பினர்களுக்கே சொந்தமான பார்சிலோனா, அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவரின் காலத்தில் 100 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட கடனில் மூழ்கியது. ஆகவே ரசிகர் கையில் இருந்தாலும் கணக்குப் பார்க்கும் கண் வேண்டும்.

இங்கிலாந்தில் இப்போது வந்திருக்கும் மாற்றம் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2025இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி ஒரு தனி ஒழுங்குமுறை ஆணையம் அமைகிறது. உரிமையாளரின் தகுதியை அது சோதிக்கும். சொந்த மைதானத்தை விற்பதற்கு அதன் அனுமதி வேண்டும். முக்கிய விஷயங்களில் கிளப் ரசிகர்களைக் கலந்து பேச வேண்டும். 2010இல் இப்படி ஓர் ஆணையம் இருந்திருந்தால் அலர்டைஸை நீக்கிய அந்த டிசம்பர் முடிவு தடுக்கப்பட்டிருக்காது. மேலாளரை மாற்றுவது உரிமையாளரின் விருப்பமாகவே இன்றும் இருக்கிறது. ஆனால் புதிய உரிமையாளர் என்ன திட்டத்தோடு வருகிறார் என்ற கேள்வியாவது முன்கூட்டியே கேட்கப்பட்டிருக்கும்.

எங்கள் ஊர் அணியை ஒரு தொழிலதிபர் 'நான் எடுத்து நடத்துகிறேன்' என்கிறார். பையன்கள் மகிழ்ச்சியில் இருக்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணாச்சி?
— ஒரு வாசகர், நாங்குநேரி

உங்கள் தயக்கம் சரியானது. அதற்காக அவரைத் திருப்பி அனுப்பிவிடவும் வேண்டாம். பணம் இல்லாத அணி மூன்றாம் போட்டிக்குப் போக வேன் கிடைக்காமல் நின்றுவிடும். நம் நாட்டில் புரவலர் விலகியதும் அணி மறைந்த கதைகள் ஏராளம்: மகிந்திரா யுனைடெட் 2010இலும், பக்வாராவின் ஜே.சி.டி. 2011இலும் மூடப்பட்டன. கோயம்புத்தூரைத் தாய் மைதானமாகக் கொண்டு 2018-19இல் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணி, அடுத்த சில பருவங்களிலேயே அந்த லீக்கில் இல்லாமல் போயிற்று. நம் மாநிலத்துக்கு முதன்முதலாக அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்த அணி அது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பெரிய லீக்குக்கும் இதே கதிதான்: இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010இல் தனியார் நிறுவனத்தோடு செய்த 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் முடிவுக்கு வரும் தறுவாயில் புதுப்பிக்கப்படாததால், இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) 2025-26 பருவமே உரிய காலத்தில் தொடங்கவில்லை.

ஆகவே அவரோடு அமர்ந்து பேசும்போது, அணியின் பெயரும் சட்டையின் நிறமும் ஊருடையவை என்றும், வரவு செலவு நோட்டு ஊரார் பார்க்கும் இடத்தில் இருக்கும் என்றும், யார் ஆடுவது என்பதைப் பயிற்சியாளரும் கேப்டனும் மட்டுமே முடிவு செய்வார்கள் என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் விலக நினைத்தால் ஒரு பருவத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நல்ல மனிதர் என்றால் இவற்றில் ஒன்றுக்கும் முகம் சுளிக்க மாட்டார். எழுதிக் கேட்பதைத் தம்மீது அவநம்பிக்கை என்றும் எடுத்துக்கொள்ள மாட்டார். பந்து யார் வீட்டில் இருக்கும் என்பதையும் அந்த முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.