வீக்கம் இல்லை, ஆனாலும் மாடு நொண்டுகிறது

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு மார்கழியில் கன்று ஈன்றது. பொங்கலன்று சோறு அதிகமாகத் தின்று இரண்டு நாள் பேதியானது, பிறகு சரியாகிவிட்டது. இப்போது பங்குனியில் வலது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. வீக்கம் இல்லை. பாலும் குறைந்துவிட்டது. பத்து நாளாக மஞ்சள், வேப்பிலை பற்றுப் போடுகிறோம். இயற்கைப் பண்ணைச் சான்று வைத்திருக்கிறோம். ஊசி போட்டால் சான்று போய்விடுமா?
– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: பற்றை எங்கே போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. மூட்டில் என்றால் இடமே தவறு. கறவை மாட்டின் நொண்டலுக்குப் பெரும்பாலும் காரணம் குளம்பில்தான் இருக்கும், அதிலும் பின்னங்காலின் வெளிக்குளம்பில். காலைத் தூக்கிக் கட்டி, சாணியைக் கழுவி, அடிப்பாதத்தை மருத்துவர் மெல்லச் சீவிப் பார்க்காமல் எந்த மருந்தும் வேண்டாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அடிப்பாதப் புண்ணாக இருக்கலாம். சோறு வயிற்றில் புளித்து அமிலமானால் குளம்பின் உள்சதை பாதிக்கப்படலாம். ஈனும் சமயத்தில், குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் இணைப்பும் தளர்ந்து எலும்பு கீழே அழுத்தும். உங்கள் மாட்டுக்கு இரண்டும் ஒன்றாக வந்திருக்கின்றன. குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் வளர்வதால், தையில் உள்ளே பட்ட அடி வெளியே தெரிய இரண்டு மாதமாகும். தை மாதச் சோற்றுக்குப் பங்குனியில் நொண்டும் மாடுகளை வருடம் தவறாமல் பார்க்கிறேன்.

புண் இருந்தால், அதைச் சுற்றிக் கழன்று நிற்கும் குளம்பைச் சீவிவிட்டு, பக்கத்திலுள்ள நல்ல குளம்பில் மரக்கட்டை ஒட்டச் சொல்லுங்கள். பாரம் அதற்கு மாறினால்தான் புண் ஆறும். இதில் எந்தச் சான்றுக்கும் ஆட்சேபம் இல்லை. கட்டுத்தறியில் வைக்கோலோ மணலோ பரப்பி, மாட்டை அதிக நேரம் படுக்க விடுங்கள்.

வலிக்கு மெலாக்சிகாம் கேளுங்கள். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபினாக் 2006இலும், கீட்டோபுரோஃபென் 2023இலும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டவை. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மெலாக்சிகாம் போட்டால் சான்று போகாது. இயற்கைப் பண்ணை விதிகளே, நோயுற்ற மாட்டுக்கு மருந்தை மறுக்கக் கூடாது என்கின்றன. பதிவேட்டில் எழுதி, மருந்துக்குரிய பால் விலக்கு நாட்களை (பாலைப் பயன்படுத்தக் கூடாத நாட்களை) இரட்டிப்பாக்கி, அதுவரை பாலை விற்பனைக்கு ஊற்றாமல் இருங்கள். வெறும் அடிப்பாதப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை.

மூலிகையை நான் வேண்டாம் என்பதில்லை. குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி வகைக்கு ஒரு கைப்பிடி, பத்துப் பல் பூண்டு, 20 கிராம் மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்த தைலம் குளம்பிடுக்கு மேல்புண்ணுக்கு நன்றாகவே கேட்கும். குளம்புக்குள் இருக்கும் புண்ணுக்கு, சீவாமல் அது போய்ச் சேராது.

குளம்புக்கு மேல் இருபுறமும் வீங்கி, இடுக்கில் நாற்றம் வந்தால் அது வேறு நோய். அன்றே ஆன்டிபயாடிக் வேண்டும், சான்று நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். வாயில் கொப்புளமும் எச்சில் வடிதலும் சேர்ந்தால் கோமாரியாக இருக்கலாம். மாட்டைத் தனியே கட்டிவிட்டு, கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962க்கு அழையுங்கள்.