ஏழுக்கு ஐந்து

அன்புள்ள அண்ணா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஓசூரில் ஒரு வேலை வந்திருக்கிறது, சம்பளம் ஒன்றரை மடங்கு. நேற்று ராத்திரி உட்கார்ந்து போகலாம், வேண்டாம் என்று இரண்டு பக்கமாக எழுதிப் பார்த்தேன். ஏழுக்கு ஐந்து. போகலாம் என்பதுதான் அதிகம், ஆனாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. பட்டியலை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

பட்டியலைப் பார்த்தேன். போகலாம் பக்கத்தில் மூன்றாவதாக 'கேன்டீன் சாப்பாடு இலவசம்' என்று இருக்கிறது. வேண்டாம் பக்கத்தில் கடைசியாக, இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி, 'அம்மா டயாலிசிஸ், செவ்வாய், வெள்ளி'. இரண்டையும் ஒவ்வொன்றாக எண்ணினால் ஏழுக்கு ஐந்து என்றுதான் வரும். அப்பாவை அப்படிக் கூட்டிப்போனவன் நான். ஊசியை எடுத்தபின் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ரத்தம் நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வீட்டுக்கு வந்ததும் துவண்டு படுத்துவிடுவார். உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

1772 செப்டம்பரில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஜோசப் பிரீஸ்ட்லி என்ற நண்பருக்கு இந்த இரண்டு பக்கக் கணக்கைக் கடிதத்தில் விளக்கியிருக்கிறார். பிரீஸ்ட்லிக்கும் வேலை மாறுகிற குழப்பம்தான், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் போதகர் வேலையை விட்டுவிட்டு ஷெல்பர்ன் பிரபுவிடம் போவதா என்று. என்ன முடிவெடுப்பது என்று சொல்லும் அளவுக்கு விவரம் என்னிடம் இல்லை, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றார் ஃபிராங்க்ளின். நானும் அவ்வளவுதான் சொல்ல முடியும். தாளின் நடுவே கோடு போட்டு, மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுத வேண்டும். அப்புறம் எடை பார்க்க வேண்டும்: இந்தப் பக்கத்து ஒன்று அந்தப் பக்கத்து இரண்டுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடித்துவிடலாம். அதன் பிறகும் ஓரிரு நாள் பொறுத்து, புதிதாக முக்கியமான எதுவும் தோன்றவில்லை என்றால்தான் முடிவு. நீங்கள் ஒரே ராத்திரியில் எழுதி எண்ணியும் விட்டீர்கள்.

பிரீஸ்ட்லி 1773இல் போனார், ஆண்டுக்கு 250 பவுண்டு. பிரபுவோடு ஒத்துவராமல் போனால் என்ன ஆவது? அதற்காக, பிரிந்தாலும் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 150 பவுண்டு என்று பேசி வைத்திருந்தார்கள், 1780இல் பிரிந்தபோது அது கிடைத்தது. (நடுவில் 1774இல் அந்தப் பிரபுவின் மாளிகையில்தான் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். எந்தப் பட்டியலிலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாத வரவு அது.)

நீங்களும் அந்த ஓரத்து வரியை ஓசூர்க்காரர்களிடம் கொண்டுபோங்கள். செவ்வாயும் வெள்ளியும் கோவையிலிருந்தே வேலை பார்க்கிறேன், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது நேரில் இருக்கிறேன் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் மெயிலில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. மறுத்தால் அந்த வரியை அடிக்காமல் வைத்து மறுபடி எடை பாருங்கள். யோசிக்க ஒரு வாரம் கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று தம்பி, அம்மாவிடம் கேட்டீர்களா? பட்டியலில் அவர் இருக்கிறார், அவர் என்ன சொன்னார் என்பது இல்லை. ஓசூருக்கு வரவே அவருக்குச் சம்மதமாக இருக்கலாம். இன்றைக்கே கேளுங்கள்.